ஆர்டர் பறக்கும், ஆள் ரயிலில் வருவார்

திருப்பூரில் ஒரு டி-சர்ட் உருவாவதற்குள் மூன்று பயணங்கள் முடிந்திருக்கும். ஆர்டர் மின்னஞ்சலில் நொடியில் வந்தது. ஓவர்லாக் மெஷின் கப்பலில் வந்தது. தைக்கிற டெய்லர் தன்பாத் - ஆலப்புழை ரயிலில் வந்திறங்கியவராக இருக்கலாம். நெருக்கடி வரும்போது யார் தலையில் எவ்வளவு விழும் என்பதை இந்த வேக வித்தியாசமே பெருமளவு முடிவு செய்கிறது.

ஜெர்மனியில் தையல் கூலி அதிகம். அங்கே போய்த் தைக்க நம் டெய்லருக்கு விசா கிடைப்பது அரிது. ஆனால் அவர் உழைப்பு பனியனாகித் தூத்துக்குடி வழியாகப் போய்விடுகிறது. சரக்கு தடையில்லாமல் போனால் ஆளும் மூலதனமும் இடம் மாறவேண்டிய அவசியம் குறையும். சரக்குக்கு வரி போட்டால் மூலதனம் எல்லை தாண்டத் தொடங்கும். பொருளியலாளர் ராபர்ட் முண்டெல் 1957-இல் எழுதிக் காட்டியது இதைத்தான். வங்கதேசத்துப் பனியன் ஐரோப்பாவுக்குள் வரியில்லாமல் நுழைந்தபோது, திருப்பூர்ச் சரக்கு நெடுங்காலம் 9.6 சதவீதம் கட்டிக்கொண்டு போனது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் ஆர்டர்கள் வேறு நாடுகளைத் தேடிப் போயின.

வடமாநிலத்து ஆட்கள் வந்து உள்ளூர்க் கூலியைக் குறைத்துவிட்டார்களா? ஒற்றை வரியில் பதில் சொல்கிறவர்கள் மெஷினைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மெஷின் அப்படியே இருக்க, ஆள் மட்டும் கூடினால் கூலி இறங்கும். ஆள் கிடைக்கும் என்று நம்பி முதலாளி இன்னும் இரண்டு தையல் லைன் போட்டால் கட்டிங் மாஸ்டர், சூப்பர்வைசர், பேக்கிங் என்று வேலை பெருகும். 2020 ஊரடங்கு தளர்ந்த பிறகும் ஆளில்லாமல் பல கம்பெனிகளில் மெஷின்கள் நின்றதை ஊரே பார்த்தது. அதே மெஷினில் அதே பீஸ் ரேட்டுக்குப் போட்டி போடும் உள்ளூர் டெய்லரின் இழப்பு மட்டும் உண்மை. அதை மறைக்கக் கூடாது.

வரியோ செலவோ எதுவானாலும், எளிதில் இடம் மாற முடிந்தவர் அதைத் தள்ளிவிடுவார், முடியாதவர் சுமப்பார். இது பொருளியலில் நன்கு நிறுவப்பட்ட விஷயம். திருப்பூரில் இதற்குச் சாயப்பட்டறையே சாட்சி. சாயக் கழிவால் நொய்யல் ஆறு கெட்டதால் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத சுத்திகரிப்பு நிலையம் இருந்தால்தான் திறக்கலாம் என்றானது. அது கட்டாயம் வேண்டியதுதான். ஆனால் கோடிக்கணக்கில் கடன் வாங்கிக் கட்டியதைப் பெயர்த்துக்கொண்டு டாக்காவுக்குப் போக முடியாது. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு அது தெரியும். விலையைக் கூட்டிக் கேட்டால் அடுத்த நாட்டைக் காட்டுவார்.

பட்டறைக்காரருக்காவது கடனை அடைக்கத் தொழில் இருக்கிறது. நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே கிணறும் தோட்டமும் உப்பாகிப் போனவருக்குப் பேரம் பேசவே இடமில்லை. சாய நீருக்கான விதி டாக்காவிலும் வியட்நாமின் ஹோ சி மின் நகரிலும் திருப்பூரிலும் ஒன்றாக இருந்தால், ஆற்றைக் காக்கும் செலவு சட்டை விலையில் ஏறும். இன்று அதைக் கொங்கு நாடு தனியே கட்டுகிறது.