சிங்கத்தின் பின்கால்

சீனப் புத்தாண்டு நாட்களில் கடைவாசலில் இருவர் ஒரே வேடத்துக்குள் புகுந்து சிங்கம் ஆடும்போது எல்லோர் கண்ணும் தலைமேல்தான் இருக்கும். மூங்கில் கூடு கட்டி, காகிதம் ஒட்டி, வண்ணம் தீட்டிய தலை. உள்ளிருப்பவர் நூலை இழுத்தால் இமை சிமிட்டும், காது ஆடும். ஆனால் அந்தச் சிங்கத்தைத் தாங்குபவர் பின்னால் துணிக்குள் குனிந்து நிற்கிறார். அவருக்குத் தெரிவதெல்லாம் முன்னவரின் குதிகாலும் கொஞ்சம் தரையும்தான்.

தென்சீனத்தில், முக்கியமாகக் குவாங்டொங் மாகாணத்தில், இந்த ஆட்டம் குங்பூ பள்ளிகளின் முற்றத்தில் வளர்ந்தது. ஃபோஷான் வட்டாரத்து வைத்தியரும் குங்பூ ஆசானுமான வோங் ஃபெய் ஹுங் சிங்கம் ஆடுவதிலும் பேர்போனவர். சண்டைக்காரர்களுக்கு ஆட்டம் எதற்கு? எல்லாம் காலுக்காகத்தான். தென்சீனப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்தவரை முதலில் குத்த விடமாட்டார்கள். 'குதிரை நிலை'யில் நிற்க வைப்பார்கள்: காலை அகட்டி, முட்டியை மடக்கி, தொடை எரிய எரிய. உடலின் எடைமையம் தாழ்ந்து, காலடிப் பரப்பு அகலமானால் ஆளைச் சாய்ப்பது கடினம். பின்கால்காரரின் மூலதனம் அதுதான்.

முன்னவர் தாவும் அதே கணத்தில் பின்னவர் அவருடைய இடுப்புக் கச்சையைப் பிடித்துத் தூக்குகிறார். 45 செ.மீ. எழும்பினால் காற்றில் கிடைப்பது சுமார் 0.6 விநாடி. அதற்குள் கால்கள் பின்னவரின் தொடையில் இறங்கியாக வேண்டும். தூக்குவது சற்றே பிந்தினாலும் மேலே வருவது சிங்கம் அல்ல, மூட்டை! தொடைமேல் நிற்பவர் முன்னால் சாய, தாங்குபவர் பின்னால் சாய்கிறார். இருவருக்கும் பொதுவான எடைமையம் பின்னவரின் பாதங்களுக்கு மேலேயே நின்றுவிடுவதால் விழுவதில்லை.

சரி, முன்னால் எதுவும் தெரியாத பின்னவருக்கு நேரம் எப்படித் தெரிகிறது? மேளம் சொல்கிறது. மேளக்காரர் சிங்கத்தைப் பார்த்து அடிக்கிறார். பின்கால்காரர் அந்த அடியைக் கேட்டு அடுத்த அசைவைப் பிடிக்கிறார்.

சிங்கத்தின் நெற்றியில் பதித்த கண்ணாடி, தன் முகத்தையே கண்டு தீய ஆவி மிரண்டு ஓடட்டும் என்பதற்காக. சிவப்பு முகமும் கறுப்புத் தாடியும் என்றால் அது பழஞ்சீன வீரன் குவான் யூ. கறுப்புச் சிங்கம் அவனுடைய தோழன், முன்கோபி ஜாங் ஃபெய். பழைய நாட்களில் அதைக் கொண்டுவந்தாலே சண்டைக்கு அழைப்பு என்று அர்த்தம்.

ஆட்டத்தின் உச்சம் 'பச்சை பறித்தல்'. உயரே தொங்கும் லெட்டூஸையும் சிவப்புப் பணஉறையையும் சிங்கம் எட்டிப் பிடிக்க வேண்டும். ஏன் லெட்டூஸ்? குவாங்டொங் மக்களின் மொழியான கான்டனீசில் அதன் பெயரும் 'செல்வம் பெருக' என்ற சொல்லும் ஏறத்தாழ ஒரே ஒலி, குரலின் ஏற்ற இறக்கம்தான் வேறு. சிங்கம் உறையை வைத்துக்கொண்டு இலையைக் கிழித்து நாலாபுறமும் துப்பும். மேலே விழுந்தால் அதிர்ஷ்டம். குப்பையைக் கூட்டுபவரைத்தான் யாரும் கேட்பதில்லை.

பச்சையை எவ்வளவு உயரத்தில் கட்டினார்களோ அவ்வளவு வித்தை தேவைப்பட்டது. மலேசியாவில் ஆட்டமே இரும்புக் கம்பங்களுக்கு ஏறிவிட்டது. 1994 முதல் கெந்திங் மலையில் நடக்கும் உலகப் போட்டியில், ஆள் உயரத்துக்கும் மேலே, சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றே பெரிய வட்டங்களில் தாவுகிறார்கள். முன்னவர் வட்டத்தைப் பார்த்துத் தாவுகிறார். பின்னவர் முன்னவரின் குதிகாலைப் பார்த்து.