வெள்ளைத் தாளைச் சாம்பலாக்கும் கைபேசி

"எண்ணெய் புதுசு, மாவு புதுசு. படத்துல மட்டும் போன வருசத்து முறுக்கு மாதிரி இருக்கே தம்பி!"

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா தீபாவளிக்கு முறுக்குச் சுட்டு ஷோப்பி இணையக் கடையில் விற்கிறார். மாஜோங் தாள் என்னும் பெரிய வெள்ளைத் தாளை விரித்து, நடுவில் முறுக்கை வைத்துத்தான் எடுத்திருந்தார். படத்தில் தாள் சாம்பலாகவும் முறுக்கு கருகினாற்போலவும் இருந்தன.

கைபேசியில் கோளாறு இல்லை. அதற்குத் தெரிவதெல்லாம் உள்ளே எவ்வளவு வெளிச்சம் வந்தது என்பதுதான். கடும் வெயிலில் கிடக்கும் கறுப்புத் துணியும் மங்கலான அறையில் கிடக்கும் வெள்ளைத் துணியும் அதே அளவு வெளிச்சத்தை அனுப்பக்கூடும். ஆகவே கேமரா ஊகிக்கிறது. எதிரே இருப்பது எதுவானாலும், சராசரியாக 18 விழுக்காடு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல் என்பது ஒளிப்படக்காரர்களின் பழைய கணக்கு. வெள்ளைத் தாள் அதைப்போல நாலு மடங்குக்கு மேல் அனுப்புகிறது. 'வெளிச்சம் அதிகம்' என்று கைபேசி குறைத்துவிடுகிறது. கறுப்புத் துணியில் வைத்தால் தலைகீழ்: துணி வெளுத்துப் போகும். இன்றைய கைபேசிகள் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் காட்டினாலும், படம் முழுக்க வெள்ளையாக இருந்தால் தடுமாறத்தான் செய்கின்றன. பல கைபேசிகளில் திரையில் முறுக்கைத் தொட்டால் சின்னச் சூரியன் ஒன்று தோன்றும். அதை மேலே இழுத்தால் தாள் வெளுக்கும்.

அடுத்தது நிறம். அக்கா சமையலறையில் மஞ்சள் பல்பு எரிகிறது. ஜன்னல் வழியே பகல் வெளிச்சமும் வருகிறது. ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் மஞ்சள் பல்பு சுமார் 2700, நண்பகல் வெயில் சுமார் 5500; எண் ஏற ஏற மஞ்சள் குறைந்து நீலம் கூடும். நம் மூளை இரண்டையும் சரிக்கட்டி 'தாள் வெள்ளைதான்' என்று சொல்லிவிடும். கைபேசியோ ஏதாவது ஒன்றுக்குத்தான் ஈடுகொடுக்கும்; முறுக்கின் ஒரு பாதி மஞ்சளாகும், மறுபாதி நீலம் பாயும். பல்பை அணைத்தாலே போதும். மாமரத்தடி நிழலும் வேண்டாம். இலைகள் சிவப்பையும் நீலத்தையும் பெரும்பாலும் விழுங்கிவிட்டுப் பச்சையைக் கசியவிடும். பாசி பிடித்த முறுக்கை யார் வாங்குவார்?

நல்ல இடம் வீட்டு முன் அஞ்சடிதான், அதாவது கூரை போட்ட முன்வாசல். வானத்தில் சூரியனின் அகலம் அரை டிகிரிதான். அவ்வளவு சிறிய விளக்கிலிருந்து வருவதால்தான் வெயிலில் நிழல் கத்திபோல் விழுகிறது. அஞ்சடியில் நேர் வெயில் இல்லை. அதன் திறந்த பக்கம் முழுவதுமே ஒரு பெரிய விளக்கு. பல திசையிலிருந்தும் வரும் ஒளி நிழலின் ஓரத்தைக் கரைத்துவிடும். மேசையைத் திறந்த பக்கத்துக்கு நெருக்கினால் இன்னும் மென்மையாகும்.

முறுக்கை அங்கே வைத்து, ஒளி பக்கவாட்டில் படும்படி திருப்பினேன். ஒவ்வொரு முள்ளுக்கும் வெளிச்சப் பக்கம் ஒன்று, நிழல் பக்கம் ஒன்று வந்தது. கடித்தால் நொறுங்கும் என்று கண்ணுக்குச் சொல்வது அந்தக் குட்டி நிழல்கள்தாம். பிளாஷ் போட்டால் ஒளி கேமராவின் பக்கத்திலிருந்தே போவதால் நிழல்கள் முள்ளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், முறுக்கு தட்டையாகிவிடும். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை மணிலா அட்டையை நிறுத்தினோம். இருண்ட பக்கமும் தெளிந்தது.

பிளாஸ்டிக் பொட்டலத்தின் பளபளப்புக்கு கேரம் ஆட்டக் கணக்கு: பட்ட கோணத்திலேயே திரும்பும். பொட்டலத்தைச் சற்றே சாய்த்தால் பளபளப்பு வேறு திசைக்குப் போய்விடும். கைபேசியைக் கிட்டே கொண்டுபோகாமல், ஓரடி பின்வாங்கி 2 மடங்கு ஜூமில் எடுப்பது நல்லது. கிட்டே போனால் முன்பக்கம் ஊதிப்போகும்.

முறுக்கு முடிந்ததும் அக்கா பித்தளைக் குத்துவிளக்கைக் கொண்டுவந்தார். அதையும் விற்கப் போகிறாராம். எடுத்துப் பார்த்தால் விளக்கின் வயிற்றில் நான், கொடியில் காயும் துணி, மாமாவின் மோட்டார் சைக்கிள் எல்லாமே இருந்தன. துலக்கிய உலோகம் கண்ணாடி மாதிரி. சுற்றி இருப்பதுதான் அதில் தெரியும். அதனால் சுற்றுப்புறத்தையே வெள்ளையாக்க வேண்டும். மாமாவின் வேட்டியைத் திரைபோலக் கட்டினோம். லென்ஸுக்கு அதில் ஒரு ஓட்டை போடலாமா என்று கேட்டேன். அக்கா முறைத்த முறைப்பில் இன்னொரு வேட்டியை எடுத்துவந்து, இரண்டுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி விட்டு எடுத்தோம்.