பாடகி தேர்ந்தெடுத்த கணித ஆசிரியர்

2022இல் வந்த ‘மேரி மீ’ படத்தில் ஜெனிஃபர் லோபஸ் உலகப் புகழ்பெற்ற பாடகி. மேடையிலேயே கல்யாணம் நடக்கவிருந்த நேரத்தில், மாப்பிள்ளையாக வரவேண்டியவன் துரோகம் செய்தது தெரியவருகிறது. உடனே, கூட்டத்தில் ‘மேரி மீ’ (என்னை மணந்துகொள்) என்ற பதாகையோடு நிற்கும் ஒரு கணித ஆசிரியரை மணந்துகொள்கிறாள். அந்தப் பதாகைகூட அவருடையதல்ல, தோழி கையில் கொடுத்தது.

எனக்குப் படம் ஏமாற்றமே. முன்பின் அறியாத இருவர் எப்படி ஒருவரையொருவர் விளங்கிக்கொண்டார்கள் என்று பார்க்கக் காத்திருந்தேன். அதைப் பாட்டோடு பாட்டாக ஓட்டிவிட்டார்கள்.

திருகோணமலையில் உளவளத்துணையாளராக இருக்கும் எனக்கு இது வெறும் திரைக்கதைக் குறையாகப் படவில்லை. “அவர் என்னோட மட்டும்தான் மிஸ் இப்பிடிக் கதைக்கிறவர்” என்று ஒரு நடிகரின் பெயரிலுள்ள போலிச் சமூக ஊடகக் கணக்கைக் காட்டும் பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். நடுவயதுப் பெண்களும் வருகிறார்கள், ஆண்களும்தான்.

ஒரு பிரபலத்தை நெருங்கிய ஆளாக உணர்வது நோயல்ல. தொலைக்காட்சி பரவிய காலத்திலேயே, 1956இல், ஹோர்ட்டன், வோல் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த ஒருபக்க நெருக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அவருடைய பிறந்தநாளும் தாயின் பெயரும் நமக்குத் தெரியும்; நாம் இருப்பதே அவருக்குத் தெரியாது. மோசடிக்காரர் நுழைவது இந்த இடைவெளியில்தான். “இது என் இரகசியக் கணக்கு, மனேஜருக்குச் சொல்லாதே” என்று தொடங்கும். பிறகு பரிசுப் பொதி சுங்கத்தில் நிற்கும், அதை எடுக்கக் காசு கேட்கும். பிரான்ஸில் ஒரு பெண், தன்னோடு கதைப்பது ஹொலிவூட் நடிகர் பிராட் பிட் என்று நம்பி எட்டு லட்சம் யூரோவுக்கு மேல் இழந்த செய்தி 2025 ஜனவரியில் வெளிவந்தது. செயற்கை நுண்ணறிவால் செய்த படங்களைக் காட்டியே அவரை நம்பவைத்திருந்தார்கள். ஆகவே முகத்தைப் பார்த்தேன், குரலைக் கேட்டேன் என்பது இனி ஆதாரமல்ல.

காசு போனதைவிட வெட்கம்தான் ஆளை அதிகம் உடைக்கிறது. நகையை அடகுவைத்ததை வீட்டில் சொல்ல முடியாமல் மாதக்கணக்காகத் தூங்காதவர்களைப் பார்க்கிறேன். அம்மாமாரே, அப்பாமாரே, “படிச்ச பிள்ளைக்கு இதுகூட விளங்கேல்லையா” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்த ஒரு கேள்வியோடு பிள்ளை வாயை மூடிவிடும். அதற்குக் கிடைத்த அன்பு பொய்யாக இருக்கலாம், அதன் துக்கம் பொய்யில்லை.

உரையாடல்களை அழிக்க வேண்டாம். பொலிஸ் முறைப்பாட்டுக்கு அவை வேண்டும். பணம் அனுப்பியிருந்தால் அன்றைக்கே வங்கிக்குச் சொல்லுங்கள். மனம் தாங்காவிட்டால் இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழைக்கலாம், தமிழிலேயே கதைக்கலாம்.