சிவாலிக் குன்றுகளுக்குள் நீர்யானை எலும்பு வந்தது எப்படி?

1830களில், இமயமலையின் தெற்கு அடிவாரத்தில் நீளும் சிவாலிக் குன்றுகளில் எலும்பு தேட ஆரம்பித்தவர்கள் இருவர்: கால்வாய்ப் பொறியாளர் பிராபி காட்லி, சகாரன்பூர் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த மருத்துவர் ஹியூ ஃபால்கனர். யானை, நீர்யானை, ஒட்டகம், காண்டாமிருகம் என எலும்புகள் குவிந்தன. 1836இல் இவர்கள் விவரித்த சிவதீரியம், ஒட்டகச்சிவிங்கிக்கு உறவான கனத்த விலங்கு. அதன் தலையில் நான்கு கொம்புகள்.

சரி, நீர்யானை எப்படி மலையேறியது? அது ஏறவே இல்லை. அது வாழ்ந்தபோது அங்கே இருந்தது சமவெளிதான். இந்திய நிலத்தட்டு ஆசியாவை முட்டி இமயம் உயர்ந்தபோது, அந்தப் பாரத்தில் மலைக்குத் தெற்கே நிலம் வளைந்து பள்ளமானது. ஆறுகள் மலையை அரித்து வந்து பள்ளத்தை நிரப்பின. சில இடங்களில் படிவுகளின் தடிமன் 5 கிலோமீட்டருக்கும் மேல். வெள்ளத்திலோ கரையோரத்திலோ இறந்த விலங்குகளில் சில, அழுகிச் சிதறுவதற்குள் வண்டலில் மூடப்பட்டன. நிலத்தடி நீரிலிருந்த கனிமங்கள் எலும்பின் நுண்துளைகளில் ஊறி இறுகின. நிலத்தட்டின் நெருக்கல் நிற்காததால், பிற்பாடு அந்தப் படிவுகளே மடிந்து குன்றுகளாக எழுந்தன. இப்போது மழையும் ஓடைகளும் அவற்றை அரித்து எலும்புகளை வெளியே கொண்டுவருகின்றன.

வயதை எப்படிக் கணிக்கிறார்கள்? பூமியின் காந்தப்புலம் அவ்வப்போது வடக்கு தெற்காகத் தலைகீழாகும். வண்டல் படியும்போது அதிலுள்ள இரும்புத் துகள்கள் அப்போதைய திசையைப் பிடித்துக்கொள்ளும். அடுக்கடுக்காக அதை அளந்து, உலகப் பொதுவான கால அட்டவணையோடு பொருத்துகிறார்கள். இதனால்தான் ஓடையில் கிடக்கும் எலும்பை யாராவது எடுத்துப்போய் அலமாரியில் வைத்தால் எனக்கு மனம் பதறுகிறது. எந்த அடுக்கிலிருந்து வந்தது என்ற குறிப்பு போனால், வயதும் போய்விடும்.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி பற்கள்தான். எனாமல் பெரும்பாலும் கனிமம் என்பதால் எலும்பைவிட நன்றாகத் தாங்கும். விலங்கு தின்றதன் கார்பனும் அதில் தங்கியிருக்கும். சோளம், கரும்பு போன்ற வெப்பநிலப் புல்வகைகளில் கார்பன்-13 அணுக்களின் பங்கு மரங்களின் இலைகளில் இருப்பதைவிட அதிகம். அந்த விகிதத்தைப் பல்லில் அளந்தால் உணவு தெரிந்துவிடும். இதே சிவாலிக் படிவுகள் தொடரும் பாகிஸ்தானின் போட்வார் பகுதியில் கிடைத்த பற்களும் தொல்மண் படிவுகளும், ஏறத்தாழ 80 லட்சம் முதல் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் காடு சுருங்கிப் புல்வெளி விரிந்ததைக் காட்டுகின்றன. பழம் தின்று மரங்களில் வாழ்ந்த வாலில்லாக் குரங்கான சிவபிதீகஸ் சுமார் 85 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அடுக்குகளோடு அங்கே நின்றுவிடுகிறது. மேய்ச்சல் விலங்குகளின் பற்களோ அதன்பின் வந்த அடுக்குகளில் உயரமாகிக்கொண்டே போகின்றன.