‘காஸ்’ என்றால் காரணமா?

போன வாரம் ஓர் இளம் நண்பர் தாம் மொழிபெயர்த்த கட்டுரை ஒன்றை ஒருமுறை பார்த்துத் தரச் சொல்லி அனுப்பியிருந்தார். அமெரிக்காவில் குடியேறிய அல்பேனியர்கள் அங்கே நடத்திய பத்திரிகைகளைப் பற்றியது. முதல் பத்தியிலேயே இப்படி ஒரு வாக்கியம்: “சோதிர் பெட்சி அல்பேனிய தேசியக் காரணத்திற்குத் தன்னை அர்ப்பணித்த ஒரு குடியேறிய செய்தித்தாள் தொகுப்பாளர் ஆவார்.”

தொகுப்பாளரை அப்புறம் கவனிக்கலாம். ஆங்கிலத்தில் ‘நேஷனல் காஸ்’ (national cause) என்று இருந்ததைத்தான் இப்படிப் பெயர்த்திருக்கிறார். ‘தேசியக் காரணம்’ என்றால் என்ன? எதற்குக் காரணம்? அல்பேனியா என்ன தப்பு செய்தது, காரணம் கேட்பதற்கு? இந்தச் சொல்லை நான் பார்ப்பது இது முதல் தடவையாக இருந்தால் சிரித்துவிட்டுத் திருத்திக் கொடுத்திருப்பேன். ‘நல்ல காரணத்திற்காக நன்கொடை’, ‘பொதுக் காரணத்துக்காக ஒன்றிணைவோம்’ என்று விளம்பரத்திலும் துண்டறிக்கையிலும் படித்துப் படித்து வெறுத்துப்போயிருந்த நேரம். ஒரு புத்தகத்தில் ‘தோற்ற காரணம்’ என்று இருந்தது. ஏதோ ஒன்று தோன்றிய விதத்தைச் சொல்கிறார் என்று நினைத்து இரண்டு பக்கம் போன பிறகுதான், அது தோற்றுப்போன காஸ் (lost cause) என்று புரிந்தது.

ஆங்கிலச் சொல்லைத் தமிழில் அப்படியே எழுதினால் சமையல் சிலிண்டர் நினைவுக்கு வரும். வேறு வழியில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். மூலம் லத்தீன் ‘கௌசா’. ரோமாபுரியில் அது முதன்மையாக நீதிமன்றச் சொல்: வழக்கு, வழக்கில் ஒருவருடைய தரப்பு. காரணம் என்ற பொருளும் அதற்கு உண்டு. குற்றம்சாட்டுவதற்கும் மன்னிப்புக்கும் ஆங்கிலத்தில் உள்ள ‘அக்யூஸ்’, ‘எக்ஸ்க்யூஸ்’ இரண்டும் இதே வேரிலிருந்து பிறந்தவை. ஒன்று ஆளை வழக்குக்குள் இழுப்பது, மற்றது வழக்கிலிருந்து விடுவிப்பது. பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் இதே சொல் தேய்ந்து ‘பொருள், விஷயம்’ என்று ஆகிவிட்டது. ஆக ஒரே வேரிலிருந்து இரண்டு கிளை: ஒன்று காரணம், மற்றது வழக்கு. ஒரு மனிதர் ‘காஸுக்காக’ உழைத்தார் என்றால் அது இரண்டாவது கிளை. நம் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் இருப்பதைப் பறித்துக்கொண்டு ஓடிவிடுகிறார்கள்.

இத்தனைக்கும் இந்த இரண்டாவது பொருள் நம் ஊரில் தினமும் புழங்குகிறது. உயர்நீதிமன்ற வக்கீல் குமாஸ்தாக்கள் காலையில் முதல் வேலையாகப் பார்ப்பது ‘காஸ் லிஸ்ட்’. அதை யாராவது ‘காரணப் பட்டியல்’ என்கிறார்களா? வழக்குப் பட்டியல் என்றுதான் சொல்கிறார்கள். குமாஸ்தாவுக்குத் தெரிந்தது எழுத்தாளருக்குத் தெரியவில்லை.

‘காரணம்’ கதை இத்தோடு முடிந்தது. அது வெறும் கவனக்குறைவு. எனக்கு உண்மையான தகராறு ‘இலட்சியம்’ என்ற சொல்லோடுதான். காரணத்தைச் சுட்டிக்காட்டியதும் நண்பர் உடனே அதைத்தான் போட்டு அனுப்பினார்: “அல்பேனிய தேசிய இலட்சியம்.” கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் மேடைப்பேச்சு வாசனையும் உண்டு. ஆனால் தவறு.

இலட்சியம் என்பது லக்ஷ்யம், அம்புக்குக் குறி. குறி வைப்பவன் ஒருவன் இருந்தால்தான் குறி உண்டு. ‘டாக்டராவது என் லட்சியம்’ என்று பள்ளிப் பிள்ளை சொல்கிறது. சொந்த வீடு கட்டுவது பலருக்கு லட்சியம். அது ஒருவருடைய மனத்துக்குள் இருப்பது. அவர் மாற்றிக்கொண்டால் மாறிவிடும், அவர் போனால் கூடவே போய்விடும். அதற்கு எதிரி தேவையில்லை. வழக்கு அப்படியா? அது ஒருவர் வருவதற்கு முன்பே நடந்துகொண்டிருக்கும், அவர் போன பிறகும் நடக்கும். எதிர்த்தரப்பு என்று ஒன்று உண்டு. நடுவில் தீர்ப்புச் சொல்கிறவர்கள் உண்டு.

சோதிர் பெட்சியின் காலத்துக்குப் போய்ப் பார்த்தால் இது விளங்கும். அப்போது அல்பேனியரை ஆண்ட உஸ்மானியத் துருக்கிப் பேரரசு தன் குடிகளை மதத்தை வைத்துத்தான் எண்ணியது. இஸ்லாமியரா, துருக்கர் கணக்கு. கிழக்கு மரபுக் (ஆர்த்தடாக்ஸ்) கிறிஸ்தவரா, கிரேக்கர் கணக்கு. அல்பேனியரில் இஸ்லாமியர், கிழக்கு மரபினர், கத்தோலிக்கர் மூவரும் உண்டு. ஆகவே அல்பேனியர் என்ற தலைப்பில் கணக்கேடு கிடையாது. 1878இல் பெர்லின் மாநாட்டில் வல்லரசுகள் பால்கன் நிலத்தைப் பங்கு போட்டபோது, அல்பேனிய இனம் என்று ஒன்று இல்லவே இல்லை என ஜெர்மனியின் பிஸ்மார்க் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. சொன்னாரோ இல்லையோ, மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் அப்படித்தான் நடந்துகொண்டார்கள். அல்பேனிய மொழியில் பள்ளியும் அச்சும் கூடாது என்று பேரரசு தடுத்தது. அந்த மொழியில் வழிபாடு கூடாது என்று கிரேக்கத் திருச்சபை தடுத்தது. ‘நாங்கள் துருக்கரும் இல்லை, கிரேக்கரும் இல்லை, தனி மக்கள்’ என்று நிரூபிக்க வேண்டிய நிலை. வாதி யார், எதிர்வாதி யார், எது சாட்சி, எல்லாம் தெளிவாக இருக்கிறது. இதற்குப் பெயர் வழக்கு அல்லாமல் வேறென்ன?

பெட்சி கோர்ச்சாவுக்குப் பக்கத்தில் உள்ள தார்தா என்ற மலைக்கிராமத்துக்காரர். ஏதென்ஸில் படித்தவர். 1905இல் அமெரிக்கா வந்தார். மறுவருடமே பாஸ்டனில் ‘கொம்பி’ என்ற வாரப்பத்திரிகையைத் தொடங்கினார். அமெரிக்காவில் வெளிவந்த முதல் அல்பேனியப் பத்திரிகை அது. (கொகரத்தை நெடிலாக்கிவிடாதீர்கள். கோம்பி என்றால் நம் பழந்தமிழில் ஓந்தி.) மாசசூசெட்ஸ் ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் பத்துப் பதினைந்து பேராக ஒரே குடியிருப்பில் கூடித் தங்கினார்கள். அதற்கு ‘கொனாக்’ என்று பெயர். பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பார்கள்.

‘கொம்பி’ என்பதையும் நண்பர் ‘தேசம்’ என்று பெயர்த்திருந்தார். 1906இல் எங்கே இருந்தது தேசம்? அது வர இன்னும் ஆறு வருடம் இருந்தது. கொம்ப் என்ற சொல் முடிச்சு என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஒரே கயிற்றில் முடிச்சிட்டுக் கட்டிய மக்கள் என்று நான் மனத்தில் படம் போட்டுக்கொள்கிறேன். தமிழில் அது இனம். நிலத்தில் கோடு கிழித்த நாடும் அல்ல, தேசமும் அல்ல. ‘தேசிய’ என்று போட்டதும் நமக்கு நெடுஞ்சாலையும் வங்கியும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆகவே அந்தத் தொடரின் முதல் பாதியும் ‘இன’ என்றுதான் இருக்க வேண்டும்.

சரி, ‘கொள்கை’ என்று வைத்தால் என்ன? நண்பரின் மூன்றாவது முயற்சி அது. அதற்கும் அந்தப் பத்திரிகைக்காரர்களே பதில் சொல்லிவிட்டார்கள். கொம்பியில் பெட்சிக்குத் துணையாசிரியராக வந்து சேர்ந்தவர் ஃபான் நோலி. திரேசில் பிறந்தவர், எகிப்தில் பாடகராக இருந்தவர், பஃபலோவில் கூலி வேலை பார்த்துவிட்டு பாஸ்டனுக்கு வந்தவர். இன்னொரு பக்கம் ஃபாயிக் கொனித்சா. பிரபுக் குடும்பம், பிரெஞ்சுப் படிப்பு. 1897இல் பிரஸ்ஸல்ஸில் ‘அல்பேனியா’ என்ற இதழைத் தொடங்கி, பிறகு லண்டனுக்கு மாற்றி, 1909 வரை நடத்தியவர். அதற்கு ஆஸ்திரியா-ஹங்கேரி பணம் கொடுத்தது. 1909 பிப்ரவரியில் பாஸ்டனில் ‘தியெல்லி’ பிறந்தது. சூரியன் என்று பொருள். முதலில் நோலி ஆசிரியர், அந்த வருடமே கொனித்சாவும் வந்து பொறுப்பேற்றார்.

இந்த இருவருக்கும் கொள்கை ஒன்றாகவா இருந்தது? 1924இல் நோலி ஒரு கிளர்ச்சியின் முடிவில் அல்பேனியாவின் பிரதமர் ஆனார். ஆறே மாதத்தில் அகமது சோகு அவரைத் துரத்திவிட்டு ஆட்சியைப் பிடித்தார். கொனித்சா அதே சோகுவின் தூதராக 1926 முதல் வாஷிங்டனில் உட்கார்ந்திருந்தார். கொள்கை என்று எழுதினால் இருவரில் ஒருவரைத் துரோகி ஆக்க வேண்டியிருக்கும். கட்டுரையோ இருவரும் ஒரே காஸுக்கு உழைத்தார்கள் என்கிறது, அது சரிதான். வக்கீல்கள் சண்டை போட்டுக்கொள்வார்கள், வழக்கு ஒன்றுதான். கொனித்சா 1942இல் இறந்தபோது பாஸ்டனில் ஃபாரஸ்ட் ஹில்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். பிற்பாடுதான் அவருடைய எலும்புகள் அல்பேனியத் தலைநகர் திரானாவுக்குப் போயின. 1965இல் நோலியும் அதே தோட்டத்துக்கு வந்தார்.

‘விடுதலை’ என்று போட்டுவிடலாமே என்பவர்களும் உண்டு. அது அவசரம். 1906இல் பெரும்பாலோர் கேட்டது தனிநாடு அல்ல. எழுத்து, பள்ளி, தன்னாட்சி, தாய்மொழியில் வழிபாடு. 1907இல் மாசசூசெட்ஸின் ஹட்சன் ஊரில் ஓர் அல்பேனிய இளைஞர் இறந்தார். அவர் அல்பேனிய இனப்பற்றாளர் என்பதால் கிரேக்கப் பாதிரியார் அடக்கச் சடங்கு செய்ய மறுத்துவிட்டார். அடுத்த மார்ச்சில் நோலி குருப்பட்டம் பெற்று, பாஸ்டனில் அல்பேனிய மொழியில் வழிபாடு நடத்தினார். ஒரு பிணத்தை எந்த மொழியில் புதைப்பது என்பதும் அந்த வழக்கில் ஒரு பிராது. 1908 நவம்பரில் மனாஸ்திர் நகரில் கூடி எழுத்தை முடிவு செய்தார்கள். அதுவரை ஒருவர் கிரேக்க எழுத்து, ஒருவர் அரபு எழுத்து, ஒருவர் லத்தீன் எழுத்து என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்க அல்பேனியர் சார்பில் பெட்சி கப்பலேறிப் போய் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தார். லத்தீன் எழுத்து நிலைத்தது. பிறகு எல்பசானில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியதும் அங்கே பாடம் நடத்தப் போய்விட்டார். பத்திரிகை, எழுத்து, பள்ளி எல்லாம் அவருக்கு ஒரே வேலை. ‘விடுதலைப் போராட்டம்’ என்றால் இதில் பாதி வெளியே நின்றுவிடும்.

வழக்கு என்றால் கோர்ட்டு வாசனை வருகிறதே என்றார் நண்பர். வரட்டுமே! லத்தீனிலும் அந்த வாசனையோடுதானே கிளம்பியது? ஆனால் அவர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. ‘அல்பேனிய இன வழக்கு’ என்று தலைப்பிட்டால் யாரோ சிறையில் இருப்பதாக வாசகர் நினைக்கலாம். இன்னும் பொருத்தமான சொல் ஒன்று நம்மிடம் இருந்தது: கட்சி. ‘என் கட்சி என்னவென்றால்’ என்று பெரியவர்கள் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். என் தரப்பு, என் வாதம் என்று அர்த்தம். வக்கீலிடம் வருபவர் இன்றைக்கும் கட்சிக்காரர்தான். ‘அல்பேனியர் கட்சியைப் பேசிய பத்திரிகை’ என்று அறுபது எழுபது வருடத்துக்கு முன்னால் ஒருவர் எழுதியிருந்தால் அப்பழுக்கில்லாத மொழிபெயர்ப்பு. இப்போது எழுதினால் என்ன சின்னம், எத்தனை தொகுதி என்று கேட்பார்கள். அரசியல் அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

காரியம் என்ற சொல்லையும் யோசித்தேன். ‘நல்ல காரியத்துக்குக் கொடுக்கிறோம்’ என்று கோயில் வசூலுக்கு வருபவர்களுக்குச் சொல்கிறோம், சரியாகவே சொல்கிறோம். காரணத்துக்கும் காரியத்துக்கும் ஒரே வேர், காரியம் என்றால் செய்யப்பட வேண்டியது. நன்கொடை விளம்பரங்களுக்கு அதுவே போதும், வேறு தேட வேண்டாம். இன்னும் தூய தமிழ் வேண்டும் என்பவர்கள் ‘நற்பணி’ என்று வைத்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ‘இனக் காரியம்’ என்று பெட்சிக்குப் போட்டால், தமிழ்நாட்டில் அது பதினாறாம் நாள் சடங்காகிவிடும்.

உண்மையில் சிக்கல் இந்தச் சொல்லில் மட்டும் இல்லை. ஆங்கிலம் எதையும் பெயர்ச்சொல்லாகக் கட்டி நிறுத்தும். தமிழ் வினையில் ஓடும். பெயருக்குப் பெயர் தேடி அலைகிறவன் ‘தேசியக் காரணத்திற்கான அர்ப்பணிப்பு’ என்ற கற்குவியலில்தான் போய் முட்டுவான். வழக்கு என்ற பெயர் உறுத்தினால் ‘வழக்காடினார்’ என்று எழுதிப் பாருங்கள். உறுத்தல் போய்விடுகிறது. அர்ப்பணிப்புக்கும் ஒரு வழி உண்டு. தொண்டு என்றாலே அர்ப்பணிப்பு அதற்குள் அடங்கிவிடும். அப்புறம் அந்தத் தொகுப்பாளர். எடிட்டர் என்றால் தொகுப்பாளர் என்று கணினி சொல்லிக்கொடுத்திருக்கிறது. பத்திரிகைக்கு இருப்பவர் ஆசிரியர். தொகுப்பாளர் டிவியில் பட்டிமன்றத்துக்கு முன்னால் வந்து வணக்கம் சொல்பவர். அதே கட்டுரையில் ‘வாத்ரா’ என்ற அல்பேனிய அமைப்பின் பெயரை ‘நெருப்பிடம்’ என்று போட்டிருந்தார். 1912இல் பாஸ்டனில் பல சங்கங்களை ஒன்றாக்கித் தொடங்கிய அமைப்பு அது, ஊரைவிட்டுப் போனவர்கள் வீட்டு அடுப்பை நினைத்து வைத்த பெயர். அடுப்பு என்று எழுத வெட்கமாக இருந்ததாம்.

கடைசியில் அந்த வாக்கியத்தை இப்படித் திருத்தி அனுப்பினேன்: “அமெரிக்காவில் குடியேறிய பத்திரிகை ஆசிரியர் சோதிர் பெட்சி, அல்பேனியர் தனி இனம் என்று கடைசிவரை வழக்காடியவர்; அந்தத் தொண்டிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர்.”

நேற்றுப் பதில் வந்தது. திருத்தம் மிகவும் பிடித்திருக்கிறதாம். ஆனால் தலைப்பு ஏற்கெனவே அச்சுக்குப் போய்விட்டதால் அதில் மட்டும் ‘இலட்சியம்’ அப்படியே இருக்குமாம்.