மெயின் சுவிட்சைத் தட்டினாலும் கூரை தூங்காது

கோலாலம்பூரில் நாங்கள் குடியிருக்கும் தாமானில் வரிசை வீடுகளின் கூரைகளில் ஒன்றன்பின் ஒன்றாகச் சோலார் பலகைகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. பக்கத்து வீட்டு அக்காவும் அண்மையில் போட்டார். பொருத்தி முடித்த அன்று மாலை வேலியோரம் நின்று கேட்டார்: "தம்பி, தீப்பிடிச்சா மெயின் சுவிட்ச தட்டிவிட்டா போதும்தானே?"

போதாது. ஏன் போதாது என்பதை அவருக்குச் சொல்லப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

மெயினைத் தட்டியதும், கூரை மின்சாரத்தை வீட்டுக்கேற்ற மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும். தெருவில் மின்விநியோக நிறுவனமான தெனாகாவின் ஊழியர் கம்பியில் வேலை செய்யும்போது நம் வீட்டு மின்சாரம் அவரைத் தாக்கக்கூடாது என்பதற்காக அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். வீட்டுக்குள் விளக்கும் விசிறியும் அடங்கிவிடும். கூரையிலிருந்து இன்வெர்ட்டருக்கு இறங்கும் கம்பி மட்டும் அடங்காது. ஒரு சிலிக்கான் செல் தருவது அரை வோல்ட்டுக்குச் சற்று மேல். பல செல்கள் சேர்ந்த ஒரு பலகைக்கு 40 முதல் 50 வோல்ட். பத்துப் பலகைகளைத் தொடராகக் கோத்தால் 400 வோல்ட்டைத் தாண்டிவிடும். இன்வெர்ட்டர் மின்சாரம் இழுப்பதை நிறுத்தினால் இந்த அழுத்தம் குறைவதில்லை, கொஞ்சம் ஏறவே செய்கிறது. வெயில் இருக்கும்வரை அந்தக் கம்பியில் உயிர் இருக்கும்.

அந்தக் கம்பியில் ஓடுவது ஒரே திசையில் பாயும் நேர்மின்சாரம் (டிசி) என்பதுதான் அடுத்த சிக்கல். வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரம் நொடிக்கு 100 முறை சுழியத்தைத் தொட்டுத் திரும்புகிறது. கம்பி விலகி இடையில் ஒரு பொறி பறந்தாலும், அந்தச் சுழியப் புள்ளியில் அது அணைந்துபோக வாய்ப்புண்டு. நேர்மின்சாரத்துக்கு அப்படி மூச்சுவிடும் இடமே கிடையாது. இணைப்பு தளர்ந்து எழும் மின்வில், அதாவது அணையாமல் நீளும் பொறி, பல ஆயிரம் டிகிரி வெப்பத்தில் எரிந்துகொண்டே இருக்கும். ஃபியூஸ் போகாதா என்று கேட்கலாம். குறுக்குச்சுற்று ஏற்பட்டால்கூடப் பலகை தருவது வழக்கமான மின்னோட்டத்தைவிடச் சற்றே கூடுதல்தான். ஃபியூஸுக்கு அது ஒரு நல்ல வெயில் நாள் போலத்தான் தெரியும்.

இந்தக் குருட்டுப் புள்ளி எவ்வளவு ஆபத்தானது என்பதை 2009 ஏப்ரலில் கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்பீல்டில் ஒரு பெரிய கடையின் கூரை காட்டியது. அங்கே ஒரு கம்பியில் ஏற்பட்ட சிறிய நிலக்கசிவை, அதாவது மின்சாரம் வழிதவறி நிலத்துக்குப் பாய்வதை, பாதுகாப்புக் கருவி கவனிக்கவே இல்லை. அது பாட்டுக்குக் கிடந்தது. பிறகு இன்னோரிடத்தில் பெரிய கசிவு ஏற்பட்டதும் மொத்த மின்னோட்டத்துக்கும் அந்தப் பழைய கசிவே பாதையாகிவிட்டது. கூரை எரிந்தது. அதன் பிறகுதான் அமெரிக்காவில் நிலக்கசிவு விதிகளை இறுக்கினார்கள்.

வீட்டுக் கூரையில் தீ பெரும்பாலும் இவ்வளவு சிக்கலாகத் தொடங்குவதில்லை. பலகைக் கம்பிகளைக் கோக்கும் எம்சி4 இணைப்பிகள் கைவிரல் நீளம்தான் இருக்கும். ஒரு நிறுவனத்தின் ஆண் முனையை இன்னொரு நிறுவனத்தின் பெண் முனையில் செருகினாலும் 'கிளிக்' என்று பொருந்திவிடும். பொருந்தியது போலிருப்பதுதான் ஆபத்து. உள்ளே உலோகம் முழுதாகத் தொடாமல் மின்தடை கூடும், சூடேறும், பிளாஸ்டிக் இளகும். ஒரே நிறுவனத்தின் ஒரே வகையைத்தான் கோக்க வேண்டும் என்று சர்வதேசத் தரவிதிகள் சொல்வது இதனால்தான்.

நல்ல எண்ணத்தில் போட்ட விதியும் பிசகலாம். ஒவ்வொரு கூரையிலும் நேர்மின்சாரத்தைத் துண்டிக்க ஒரு சுவிட்ச் வேண்டும் என்று ஆஸ்திரேலியா கட்டாயமாக்கியிருந்தது. மழையும் வெயிலும் மாறி மாறி அடித்ததில் அந்தச் சுவிட்சுப் பெட்டிக்குள்ளேயே நீர் புகுந்து தீ எழத் தொடங்கியது. 2021இல் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டார்கள். மாலை தவறாமல் மழை கொட்டும் நம் ஊரில் கூரைமேல் எந்தப் பெட்டியையும் வைப்பதற்குமுன் இதை யோசிக்க வேண்டும்.

தீ பிடித்தபின் பரவுவது இன்னொரு கதை. கூரைக்கும் பலகைக்கும் இடையில் ஒரு சாணுக்கும் குறைவான இடைவெளிதான். மேலே போக வேண்டிய சுவாலை பலகையில் முட்டிப் படுத்துக்கொள்ளும். வெப்பம் திரும்பிக் கூரையையே தாக்கும். தனியாக இருந்தால் தீயைத் தாங்கும் கூரைகூடப் பலகைக்கடியில் எரிந்துபோகலாம். அந்த நிழலில் மைனா கட்டிய கூடும் காய்ந்த சருகும் இருந்தால் கேட்கவே வேண்டாம். மலேசியாவின் 1984ஆம் ஆண்டுக் கட்டடத் துணைச் சட்டங்கள் இரு வீட்டுக்குப் பொதுவான சுவரைக் கூரைக்குமேல் 225 மில்லிமீட்டர் உயர்த்தச் சொல்கின்றன. ஏறக்குறைய ஒரு சாண். ஒரு வீட்டுத் தீ அடுத்த வீட்டுக்குத் தாவாமலிருக்க அது ஒரு வரப்பு. இரண்டு வீட்டாரும் அந்த வரப்பை ஒட்டியே பலகைகளை அடுக்கினால் வரப்புக்குப் பயனில்லை. அக்காவிடம் நான் வற்புறுத்திச் சொன்னது இதைத்தான்: பக்கத்துச் சுவரோரம் மூன்றடியாவது விடச் சொல்லுங்கள். பலகை ஒன்று குறையும், குறையட்டும். அமெரிக்கத் தீவிதிகள் கூரையில் மூன்றடி நடைபாதை கேட்பது தீயணைப்பாளர் கால்வைக்க.

அவர்கள் நிலையையும் நினைக்க வேண்டும். அமெரிக்காவில் 2011இல் வெளியான சோதனை முடிவுகளின்படி, இரவில் தீயணைப்பு வண்டியின் விளக்கு வெளிச்சம்கூடப் பலகையிலிருந்து ஆபத்தான மின்சாரத்தை எழுப்பக்கூடும். நியூ ஜெர்சியில் 2013இல் 7,000 பலகைகளுக்குமேல் இருந்த ஒரு கிடங்கு எரிந்தபோது, தலைமை அதிகாரி தம் ஆட்களைக் கூரையில் ஏறவிடவில்லை. இந்த ஆபத்துக்கு விடையாக வந்ததுதான் விரைவுத் துண்டிப்பு. அமெரிக்க மின்விதியின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பு, பொத்தானை அழுத்திய 30 நொடிக்குள் பலகை வரிசைக்குள்ளேயே அழுத்தம் 80 வோல்ட்டுக்கு இறங்க வேண்டும் என்கிறது. பலகை ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிறு கருவி வைத்து இதைச் செய்கிறார்கள். நம் ஊரில் விலை கேட்கும்போதே இதையும் கேட்டுவிடுவது நல்லது.

அனுமதி வேலைகளைப் பலர் வெறும் தாள் தொல்லையாக நினைக்கிறார்கள். சோலார் திட்டங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான செடாவில் பதிந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தால், தெனாகா மீட்டர் மாற்றுவது போன்றவற்றை அந்த நிறுவனமே பார்த்துக்கொள்ளும். 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறைகளின் ஜி, எச் படிவங்களை மட்டும் நாம் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். ஜி, தகுதி பெற்றவர் மேற்பார்வையில் வேலை முடிந்ததற்கான சான்று. எச், சோதித்துப் பார்த்ததற்கான சான்று. அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் யாராவது உண்மையிலேயே மீட்டரை வைத்து அளந்தார்களா என்பதுதான் என் கவலை.

அக்கா வீட்டுக்கு வந்த வயர்மேனிடம் ஒரு வரைபடம் கேட்டோம். இன்வெர்ட்டர் எங்கே, துண்டிக்கும் சுவிட்ச் எங்கே, கம்பி எந்த வழியாக இறங்குகிறது என்று மலாயில் எழுதி, மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிக் கொடுத்தார். 999ஐ அழைத்தால் வரும் பொம்பாக்காரர், அதாவது தீயணைப்பாளர், எளிதில் பார்க்கக்கூடிய இடம் அது. உயிருள்ள கம்பி அக்காவின் பிள்ளைகள் படுக்கும் அறைச் சுவரை ஒட்டி இறங்குகிறது என்பது அந்தப் படத்தைப் பார்த்தபிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.