வண்டி நிஜம், ஆர்.சி. நிஜம், விற்கிறவன்தான் பொய்

போன வாரமும் ஒருத்தர் வந்து கடையில் உட்கார்ந்திருந்தார். சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுகிறவர். பாவு ஏற்றி வர, நெய்த துணியைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு பழைய டாடா ஏஸ் தேடிக்கொண்டிருந்தவருக்கு ஆன்லைன் விளம்பரத்தில் நல்ல வண்டி ஒன்று கண்ணில் பட்டது. காங்கயம் பக்கம் ஒரு தோட்டத்தில் நிற்கிற வண்டி. நேரில் போனார், ஓட்டிப் பார்த்தார், வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யைக் கையில் வாங்கிப் படித்தார், சேசிஸ் நம்பரைக்கூட ஒப்பிட்டுப் பார்த்தார். பேங்க்கில் காத்திருந்த தம்பிக்கு போன் போட்டு இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்தை ஆர்.டி.ஜி.எஸ். அனுப்பச் சொன்னார். சாவி கைக்கு வரவில்லை. பணமும் திரும்பவில்லை.

"நேர்ல போயிப் பாத்துட்டுத்தானுங்க காசு போட்டேன். இதுக்கு மேல மனுசன் என்னங்க பண்ணுவான்?"

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்கே ஆற்றாமை வந்துவிட்டது. பழைய வண்டி வாங்கி விற்கிற ஆட்டோ கன்சல்டிங் தொழிலில் இருக்கிறேன். ஏமாந்தவர்கள் ஸ்டேஷனுக்குப் போகும் முன்போ, போய்விட்டு வந்த பிறகோ, எங்களிடம் வந்து ஏதாவது வழி இருக்கிறதா என்பார்கள். பணம் கைமாறிய பிறகு எங்களால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஆன்லைனில் வாங்காதே என்று கமிஷனுக்காகச் சொல்கிறேன் என யாரும் நினைக்க வேண்டாம். தாராளமாக வாங்குங்கள். நானும் பல வண்டிகளை அங்கேதான் பிடிக்கிறேன். எதைச் சரிபார்க்க வேண்டும் என்பதில்தான் நம் ஆட்கள் தவறுகிறார்கள்.

பழைய மோசடி ஒன்று உண்டு, அது எல்லோருக்கும் ஓரளவு தெரியும். "ஆர்மியில இருக்கேன், சூலூர் ஏர்ஃபோர்ஸ்ல போஸ்டிங், டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு, அதனால ஆக்டிவாவைக் கம்மி விலைக்குத் தர்றேன்" என்று ஒருவன் எழுதுவான். கேட்காமலேயே அடையாள அட்டை, கேன்டீன் கார்டு, யூனிஃபார்ம் போட்ட படம் எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து விழும். வண்டியை நேரில் பார்க்க மட்டும் முடியாது. ராணுவ லாரியில் வீட்டுக்கே வரும், அதற்கு கேட் பாஸ் இவ்வளவு, அப்புறம் ஜி.எஸ்.டி., அப்புறம் இன்சூரன்ஸ், எல்லாம் திரும்பக் கிடைக்கும் பணம் என்பான். முதலில் கேட்பது சின்னத் தொகை. போட்ட காசை மீட்க வேண்டுமே என்று அடுத்ததைப் போடுவீர்கள். எந்த ராணுவ வண்டியும் நீங்கள் வாங்கிய ஸ்கூட்டரை உங்கள் வாசலில் கொண்டுவந்து இறக்காது. அந்த அடையாள அட்டை பெரும்பாலும் நிஜ ராணுவ வீரர் ஒருவரிடமிருந்து முன்பு எங்கோ திருடியது. அதனால்தான் சொல்கிறேன், வியாபாரம் முடியும் முன் உங்கள் ஆதாரை யாருக்கும் அனுப்பாதீர்கள். அடுத்த ஆளை ஏமாற்ற உங்கள் முகமும் முகவரியும் போகும்.

இதைத் தெரிந்துகொண்ட நம் ஆட்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். நேரில் வண்டியைப் பார்த்துவிட்டால் போதும், ஏமாற வாய்ப்பே இல்லை என்ற முடிவு. என்னைப் பாடாய்ப் படுத்துவது இந்த நம்பிக்கைதான். சோமனூர்க்காரருக்கு நடந்ததை நிதானமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

காங்கயத்துத் தோட்டக்காரர் தன் வண்டிக்கு மூன்று லட்சத்துப் பத்தாயிரம் விலை வைத்து விளம்பரம் போட்டிருந்தார். அது உண்மையான விளம்பரம். மோசடிக்காரன் அதில் இருந்த படங்களை எடுத்து, இன்னொரு பெயரில் 2,40,000 என்று புது விளம்பரம் போட்டான். தோட்டக்காரருக்கு போன் செய்து, விலையில் ஒரு ரூபாய் குறைக்காமல், "வண்டி எனக்குத்தானுங்க. எங்க மச்சான் வந்து பாப்பாரு. அவருக்கு நான் பழைய பாக்கி தரணும், அதுக்குத்தான் இந்த வண்டி. அவருகிட்ட விலையை மட்டும் பேசிடாதீங்க" என்றான். சோமனூர்க்காரரிடம், "வண்டி எங்க சித்தப்பா தோட்டத்துல நிக்குது. அவரு பேர்லதான் ஆர்.சி. பங்காளிப் பிரச்சினை ஓடுது, அவருகிட்ட விலையை மட்டும் பேசிடாதீங்க, காரியம் கெட்டுரும்" என்றான். இரண்டு பேரும் தோட்டத்து வாசலில் சந்தித்தார்கள். டீ கொடுத்தார், குடித்தார். டயரைப் பற்றிப் பேசினார்கள், எப்.சி. (தகுதிச் சான்று) எப்போது முடிகிறது என்று பேசினார்கள், இன்ஜின் வேலை பற்றிப் பேசினார்கள். விலையை மட்டும் பேசவில்லை. இரண்டு பேரும் நல்ல மனிதர்கள், சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள்.

பணம் போனது மூன்றாவது ஆளின் கணக்குக்கு. "காசு வந்துருச்சுங்களா?" என்று இவர் கேட்க, "எந்தக் காசுங்க?" என்று அவர் கேட்டிருக்கிறார். அதற்குள் மோசடிக்காரன் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். கொஞ்ச நேரத்தில் இருவரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கும் நிலை. வாங்க வந்தவர் தோட்டக்காரரையும் கூட்டாளி என்றே நினைக்கிறார். தோட்டக்காரர் ஒரு பைசா பார்க்காமல் ஸ்டேஷனுக்கு நடக்கிறார்.

இதில் வண்டி பொய்யா? இல்லை. ஆர்.சி. பொய்யா? இல்லை. நம்பர் பிளேட், சேசிஸ் நம்பர், வீடு, வாசல், ஆள் எல்லாமே உண்மை. நேரில் போய் எத்தனை முறை பார்த்திருந்தாலும் எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும். நேரில் பார்த்தது வண்டிக்கு மட்டும்தான் சாட்சி, பணம் வாங்குகிறவனுக்கு அது சாட்சியே இல்லை. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும்போதுகூட வாங்குகிறவர், விற்கிறவர், தரகர் மூவரும் ஒரே இடத்தில்தான் நிற்பார்கள். பணம் மாட்டுக்காரர் கைக்குத்தான் போகும். போனில் இருக்கிற தரகனை நீங்கள் கண்ணால் பார்க்கவே இல்லை, ஆனால் மொத்தப் பணமும் அவனுக்குப் போகிறது.

"விலையை மட்டும் பேசிடாதீங்க" என்று யார் சொன்னாலும், என்ன காரணம் சொன்னாலும், அந்த நிமிடமே எதிரில் நிற்கிறவரிடம் விலையைக் கேளுங்கள். சத்தமாகக் கேளுங்கள். "உங்களுக்கு எவ்வளவுங்க வேணும்? பணம் உங்க அக்கவுண்டுக்குத்தானே?" இந்த இரண்டு கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட்டுத்தான் இரண்டு லட்சம், மூன்று லட்சம் போகிறது. விற்கிறவர்களுக்கும் இதேதான். உங்கள் வாசலுக்கு வந்தவரிடம் விலையைப் பேசாமல் சாவியைக் காட்டாதீர்கள். பேரமே பேசாமல் போனிலேயே சரி என்கிற ஆளை நம்பாதீர்கள். நம் ஊரில் வண்டி வாங்குகிற யாரும் டயரைக் காட்டியாவது ஐயாயிரம் குறைக்கப் பார்ப்பார்.

பணம் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் கணக்குக்குத்தான் போக வேண்டும். அது சம்சாரம் அக்கவுண்ட், இது கம்பெனி அக்கவுண்ட் என்று ஆயிரம் காரணம் வரும், எதையும் ஏற்காதீர்கள். ஆர்.டி.ஜி.எஸ்., நெஃப்ட் அனுப்பும் முன் பெறுபவர் பெயரைப் பார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருந்தது. அதைப் பயன்படுத்துங்கள். அரசின் எம்.பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டால் உரிமையாளர் பெயர் பாதி மறைத்துத்தான் வரும், ஆனாலும் ஆர்.சி.யோடு ஒப்பிட அது போதும். இன்சூரன்ஸ், எப்.சி., எச்.பி. (வண்டி மேல் பைனான்ஸ் கடன்) இருக்கிறதா என்பதும் தெரியும். எச்.பி. இருந்தால் பைனான்ஸ் கம்பெனியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணையில்லாச் சான்று), எச்.பி.யை நீக்குகிற 35-ஆம் ஃபார்மும் இல்லாமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஃபார்ம்களில் உரிமையாளர் உங்கள் கண் முன்னால் கையெழுத்துப் போடட்டும்.

யு.பி.ஐ. பற்றி ஒரே வரி. பின் நம்பர் போட்டால் காசு போகும், வராது. வண்டி விற்கிற உங்களிடம் க்யூ.ஆர். அனுப்பி ஸ்கேன் பண்ணச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

இப்போது இந்தக் கல்லூரிப் பையன்களிடம் கொஞ்சம் பேச வேண்டும். மோசடிக்காரனின் வாயைக் கிளறி, சுற்ற விட்டு, அதை ரீல்ஸாகப் போடுவது பழக்கமாகிவிட்டது. ஆளைக் கண்டுபிடிக்க ஒரு கொக்கி போடுவதில் தவறில்லை, நானும் போடுவேன். ஸ்ப்ளெண்டர் பிளஸ் விற்கிறேன் என்பவனிடம் "அஞ்சாவது கியர் லூசா விழுதுங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த வண்டிக்கு நாலு கியர்தான். ஓட்டியவன் உடனே சொல்லிவிடுவான். ஓட்டாதவன் "சூப்பர் கண்டிஷன் ப்ரோ" என்பான். சூலூரில் இருக்கிறேன் என்பவனிடம், நானும் சூலூர் பஸ் ஸ்டாண்டில்தான் நிற்கிறேன், வரட்டுமா என்று கேளுங்கள்.

ஆனால் ஒன்று. இன்றைய தேதியைத் தாளில் எழுதி, சீட்டின் மேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் போதும் என்று பலர் எழுதுகிறார்கள். ராணுவ வேடக்காரன் அதில் மாட்டுவான். நடுவில் நிற்கிற மோசடிக்காரன் மாட்டமாட்டான். உண்மையான உரிமையாளரிடம் அதே படத்தைக் கேட்டு வாங்கி உங்களுக்கு அனுப்பிவிடுவான். வீடியோ கால்கூட அப்படித்தான், உரிமையாளரையே பேச வைப்பான். அவன் தமிழும் நம் தமிழாகவே இருக்கும், 'ங்க' போட்டு மரியாதையாகத்தான் பேசுவான். வடக்கத்திக் குரல் இல்லையே என்று நிம்மதி அடையாதீர்கள்.

கொக்கி போட்டு ஆள் தெரிந்துவிட்டால் அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் கண்ணுங்களா. விளையாட்டாகத் தொடராதீர்கள். உங்கள் நம்பரை அடுத்த பொய் விளம்பரத்தில் போட்டுவிடுவான், ஊரெல்லாம் உங்களைத் திட்டிப் போன் வரும். வண்டிப் படம் என்று சொல்லி ஏ.பி.கே. ஃபைலை, அதாவது ஒரு ஆப்பை, அனுப்புவான், அதைத் தொட்டு இன்ஸ்டால் செய்தால் போனே அவன் கையில். இரவில் ஆபாச வீடியோ கால் போட்டு, அதைப் பதிவு செய்து மிரட்டுவான். நீங்கள் பேசுகிற நேரத்தில் அவன் வேறு யாரையும் ஏமாற்ற முடியாது என்கிறீர்கள். அவன் தனி ஆள் இல்லை, பக்கத்தில் வேறு ஆட்களும் வேறு போன்களும் இருக்கும். விளம்பரத்தை அந்தத் தளத்திலேயே புகார் செய்யுங்கள். மத்திய அரசுத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் 'சக்ஷு' என்ற பகுதி 2024 மார்ச்சிலிருந்து இருக்கிறது. பணம் போகாவிட்டாலும், சந்தேக அழைப்பையும் வாட்ஸ்அப் செய்தியையும் அங்கே பதிவு செய்யலாம். ரீல்ஸைவிட அது நாலு பேருக்கு உதவும்.

அதே பையன்களிடம் இன்னொரு கெஞ்சல். மாதம் ஐயாயிரம் தருகிறேன், உன் பேங்க் அக்கவுண்டையும் ஏ.டி.எம். கார்டையும் சிம்மையும் கொடு என்று யாராவது கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். சோமனூர்க்காரரின் பணம் போனது அப்படி ஒரு கணக்குக்குத்தானா என்பது எனக்குத் தெரியாது, போலீஸ் பார்க்கிறது. ஆனால் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ, போலீஸ் முதலில் வந்து நிற்பது அந்த வீட்டு வாசலில்தான்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐ அழையுங்கள். அழுவதெல்லாம் பிறகு. முதல் சில மணி நேரத்தில் சொன்னால், பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன் வங்கிகள் அதை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. பணம் அனுப்பியதற்கு பேங்க் தருகிற யு.டி.ஆர். நம்பர், எதிராளியின் கணக்கு எண், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், சாட் எல்லாம் கையில் இருக்கட்டும், எதையும் கோபத்தில் அழிக்காதீர்கள். பிறகு மாவட்ட சைபர் கிரைம் ஸ்டேஷன். சோமனூர்க்காரர் மானம் போகிறதே என்று இரண்டு நாள் வீட்டில்கூடச் சொல்லவில்லை. அந்த இரண்டு நாள்தான் அவருக்குப் பெரிய நஷ்டம்.

தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் பனியன் கம்பெனிப் பிள்ளைகள் பழைய பைக் தேடிக் கிளம்புவார்கள், அதை நினைத்துத்தான் இப்போதே எழுதுகிறேன். வண்டியை எங்கே வேண்டுமானாலும் வாங்குங்கள், என் கடையில்தான் வாங்க வேண்டும் என்றில்லை. பணம் போடும் முன் ஒரு சந்தேகம் தட்டினால் போனை எடுத்துக்கொண்டு எங்கள் கடைக்கோ, உங்கள் ஊரில் தெரிந்த கன்சல்டிங்காரரிடமோ வாருங்கள். வண்டி நம்பரும், அவன் கொடுத்த அக்கவுண்ட் பெயரும் இருந்தால் போதும். பார்த்துச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகும், அதற்கு நாங்கள் காசு வாங்குவதில்லை.